சிம்மக்கல் மாடிக்கு ஒரு புருஷன்

மதுரை, 8-7-1937

அத்தானுக்கு,

"படிக்கப் போறவளுக்குத் தாலி எதுக்கு?" என்று கேட்டு நம் கல்யாணத்தை நிறுத்தினீர்களே, அதற்குப் பதில் இங்கே கிடைத்தது.

பினாங்கிலிருந்து படிக்க வந்தவளுக்கு விடுதியில் இடமில்லை. திருப்பரங்குன்றத்தில் ஓர் அறை மலிவாகக் கிடைத்தது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை. ஏன் இல்லை என்பது வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பிலேயே தெரிந்தது.

மற்ற வீடுகளில் எல்லாம் ஒரே பேச்சு. "ஒண்டிப் பொம்பளைக்குக் குடுக்க மாட்டோம் தாயி. தாலியறுத்தவளுக்கும் கெடையாது. புருஷன் அக்கரையில இருந்தாச் சரி."

புதுமண்டபத்தில் மஞ்சள் கயிறு வாங்கினேன். மூன்று முடிச்சையும் நானே போட்டுக்கொண்டு சிம்மக்கல்லில் ஒரு மாடியறை கேட்கப் போனேன். வாடகை கட்டுபடியாகும், தாழ்ப்பாளும் உண்டு. வீட்டுக்கார அம்மாள் புருஷன் பெயரைக் கேட்டார். உங்கள் பெயரைச் சொல்ல நாக்குக் கூசியது. தாளில் எழுதிக் காட்டினேன்.

"புருஷன் பேரை வாயால சொல்லாத பொண்ணு" என்று மெச்சிச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

பினாங்கிலிருந்து உங்கள் கடிதம் மாதம் ஒன்றாவது வராவிட்டால் அந்த அம்மாள் சந்தேகப்படுவார். வெறுந்தாளை மடித்து அனுப்பினாலும் போதும். நீங்கள் செத்துவிட்டதாகச் சொல்லவே ஆசை; சொன்னால் அறை போய்விடும். அதனால் உங்கள் ஆயுளுக்காகத் தினமும் விளக்கேற்றுகிறேன், அந்த அம்மாள் பார்க்க.

இப்படிக்கு,
இந்த மாடியில் மட்டும் உங்கள் மனைவி