எப்பவும் லேட்டுதான்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நலம் என்று எழுதினால் உன் அம்மா பொய் என்பாள், நலமில்லை என்று எழுதினால் நீ அங்கே தூங்க மாட்டாய், அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறோம், படுத்தால் ஏதோ தூக்கம் வருகிறது, நான் பார்சல் ஆபீசுக்கும் அவள் பல் டாக்டர் கிளினிக்குக்கும் போய் வருகிறோம். அந்த அளவுக்கு நலம். நீயும் அந்த அளவுக்காவது இருக்கிறாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் கேட்டால் நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறாய். பிறகு நான் என்ன சாப்பிட்டாய் என்பேன், நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று நீ கேட்பாய், இரண்டு ஹோட்டல்காரர்கள் பேசிக்கொள்வது போலப் பேசிவிட்டு வைத்துவிடுகிறோம். தம்பியைப் பற்றி நீயும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அதனால்தான் இந்தத் தடவை கடிதமாகவே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தேன். பொறுமையாகப் படி, பயண விஷயமும் இதில்தான் இருக்கிறது.

விடுமுறைக்கு வீட்டுக்கு வேண்டாம், மூன்று பேருமாக எங்கேயாவது கடற்கரைப் பக்கம் போய் இருக்கலாம் என்று நீ சொன்னதிலிருந்து உன் அம்மா உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது உனக்கே தெரியும். உன் போன் வந்தால் என் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். அங்கே ஒரு வேலையும் இருக்காது, கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவுவாள். பிள்ளை போய் இன்னும் வருஷம்கூடத் திரும்பல, அதுக்குள்ள உங்க பொண்ணுக்கு ஊர் சுத்தணுமா என்று என்னிடம் கேட்டாள். நீ பரிசு வாங்கினால் என் பொண்ணு, வம்பு பண்ணினால் உங்க பொண்ணு, அது உனக்குப் பழகினதுதான். அவளால இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க முடியல, அவ்வளவுதான் என்று நான் உனக்காகப் பரிந்து பேசினேன். எனக்கு மட்டும் முடியுதா, நான் இங்கயேதானே கிடக்கேன் என்றாள். கூடத்து மின்விசிறி ஞாபகம் இருக்கிறதா. ஊர் முழுக்க வீடு வீடாக ஏசி மாட்டிக் கொடுத்துத் திரிந்த உன் தம்பி, நம் வீட்டு மின்விசிறி கடகடவென்று சத்தம் போடுவதை மட்டும் அடுத்த வாரம் பார்க்கிறேன் அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அது இன்னும் கடகடக்கிறது. வேறு ஆள் வைத்துச் சரிபண்ண அவள் விட மாட்டேன் என்கிறாள். அந்தச் சத்தத்துக்குக் கீழேதான் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அதனால் நீ கேட்டது எனக்கு விளங்காமல் இல்லை.

அவள் மனம் மாறினால் மாறட்டும், இடத்தையாவது பிடித்து வைப்போம் என்று நான் தலைமை அலுவலகத்துக்குப் போனேன். எங்கள் கம்பெனிக்குக் கடலோரத்தில் ஓர் ஓய்வு இல்லம் இருக்கிறது, சின்ன வயதில் நீயும் வந்திருக்கிறாய், மொட்டை மாடியில் காயப்போட்ட துண்டு பறந்து அடுத்த வீட்டு மாடியில் விழுந்ததே, அதே இடம்தான். தலைமை அலுவலகத்தில் புதிதாக வந்திருக்கும் குமாஸ்தாவுக்கு என்னைத் தெரியாது. குடும்ப விவரத்தைப் பார்த்து மனைவி, மகள் என்று வாசித்துக்கொண்டே வந்தவர், மகன் என்ற இடத்தில் யாரோ பென்சிலால் எதையோ குறித்து வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, பையன் லேட்டா சார் என்று கேட்டார். இறந்தவர் பெயருக்கு முன்னால் லேட் என்று போடுவார்களே, அதைத்தான் கேட்டிருக்கிறார், பாவம், குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார். என் காதில் அது அப்படி விழவில்லை அம்மா. நம் வீட்டில் லேட்டு என்றால் ஒரே ஆள்தானே. டாக்டர் சொன்ன தேதி தாண்டிப் பிறந்து, பேச்சும் தாமதமாக வந்து, நாம் மூன்று பேரும் பெட்டியோடு வாசலில் நிற்கும்போது உள்ளே ஒற்றைச் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவனுக்கு நீ வைத்த பேர்தானே அது. நான் சிரித்துக்கொண்டே, எப்பவும் லேட்டுதான் சார், ஆனா வந்துடுவான் என்றேன். அவரும் நிம்மதியாக நான்கு பேர் என்று பதிந்து சீட்டைக் கொடுத்துவிட்டார். நான் படி இறங்கி, தெருவைக் கடந்து, பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பது உறைத்தது. பக்கத்தில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன சார் உடம்புக்கு ஆகலையா என்று எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன், மறைக்கத் தெம்பில்லை. முதலில் அவள் சிரித்தாள். பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறவளுக்குப் பல்லைக் காட்டவே மறந்துபோயிற்று என்று நான் கிண்டல் செய்துகொண்டிருந்தேன், அவள் சிரித்து அவ்வளவு காலம் ஆகியிருந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது, அடுப்பில் வைத்த பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, உங்களுக்கு வாய் தவறினா வந்து சொல்றதுக்கு நான் இருக்கேன், எனக்குத் தவறினா நீங்க இருக்கீங்க, அந்தப் பொண்ணுக்கு அங்க யார் இருக்கா என்று கேட்டாள். அவளுக்கும் தவறத்தான் செய்கிறது, மழை வந்தால் அவன் சட்டையைக் கொடியிலிருந்து எடுக்கச் சொல்வாள், நான் போய்ச் சும்மா கொடியைப் பார்த்துவிட்டு வருவேன். அவ நம்மள ஊர் சுத்தக் கூப்பிடல, கூட உட்கார்ந்து அழக் கூப்பிடுறா, நமக்குத்தான் மண்டையில ஏறல என்றாள். அதைச் சொல்லிவிட்டு ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணில் இருந்த பெட்டியைத் தானே இறக்கினாள். தூசி தும்மலில் அன்றைய அழுகை முடிந்தது.

ஆக, வருகிறோம். போவதென்று ஆன பிறகு ஏனோதானோ என்று போக எனக்கு வராது, எவ்வளவு துக்கம் இருந்தாலும் நான் பார்சல் ஆபீஸ்காரன், அதனால் சொல்வதைக் கேள். முதலில் உன் ஆய்வுக்கூடத்தில் விடுப்பை வாயால் சொல்லிவிட்டு விட்டுவிடாதே, எழுத்தில் வாங்கு, உன் வேலையை யார் பார்ப்பார்கள் என்பதையும் இப்போதே பேசி ஒப்படைத்துவிடு, இல்லையென்றால் கடற்கரையில் உட்கார்ந்துகொண்டு போனில் ஆய்வுக்கூடம் நடத்துவாய். பெட்டி கட்டும்போது கனமான சாமான் சக்கரம் இருக்கிற பக்கம் போக வேண்டும், இல்லையென்றால் நிமிர்த்தி வைக்கிறபோதெல்லாம் குப்புற விழும். ஷூவுக்குள் காலுறையைத் திணி, இடமும் மிச்சம், ஷூவும் நசுங்காது. எண்ணெய், ஷாம்பு எது எடுத்தாலும் மூடியைத் திறந்து வாய்க்கு மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக் வைத்து மறுபடி மூடு, உன் அம்மா ஒரு முறை கேட்காமல் போய் நாம் எல்லாரும் மல்லிகை வாசத்தோடு திரிந்தோமே. பேரும் முகவரியும் எழுதி வெளியே கட்டினால் போதாது, அதே சீட்டு ஒன்று பெட்டிக்குள்ளேயும் மேலாக இருக்கட்டும். வெளிச்சீட்டு அறுந்து அநாதையாகக் கிடக்கும் மூட்டைகளை நான் தினமும் பார்க்கிறேன், உள்ளே ஒரு வரி இருந்தால் அது வீடு போய்ச் சேர்ந்துவிடும். பாஸ்போர்ட், மருந்து, கண்ணாடி, ஒரு மாற்று உடை இவை எல்லாம் தோளில் மாட்டுகிற பையில் உன்னோடுதான் வர வேண்டும், பெரிய பெட்டி வேறு விமானத்தில் ஏறிவிட்டாலும் நீ தவிக்க மாட்டாய். பெட்டியை ரொப்பாதே, பாதி காலியாகக் கொண்டு வா, உன் அம்மா திருப்பி அனுப்புகிறபோது அதில் என்னென்ன அடைப்பாள் என்று எனக்கே தெரியாது. எங்களுக்கென்று எதுவும் வாங்கி வராதே. போன தடவை நீ அனுப்பிய மசாஜ் செய்யும் மெத்தையில் பூனைதான் படுக்கிறது, அதற்கு முதுகு வலியே இல்லை.

கிளம்புகிற அன்று காஸை மூடு, சுவரில் செருகியிருக்கிற எல்லாவற்றையும் பிடுங்கு, குளிர்சாதனப் பெட்டியில் அழுகுகிற எதையும் விட்டுவிட்டு வராதே, கீழ்வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடு. கடற்கரைக்குத் தோல் செருப்பு வேண்டாம், ரப்பர் செருப்பு போதும். அங்கே வெயில் சுடும், காற்றும் அடிக்கும், மெல்லிய முழுக்கைச் சட்டை ஒன்று எடுத்துக்கொள். அப்புறம் முக்கியமானது, நீ எதைச் செய்தாலும் காலையில் இது மத்தியானம் அது என்று திட்டம் போட்டு விடுவாய், கலங்கரை விளக்கம், படகு, மீன் காட்சியகம் என்று இப்போதே கூகுளில் தேட ஆரம்பித்திருப்பாய். வேண்டாம் கண்ணு. ஒன்றிரண்டு போதும், மீதி நேரத்தைச் சும்மா விடு. பேச்சு எப்போது வரும் என்று நமக்குத் தெரியாது, வருகிற நேரத்தில் படகுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தால் அது திரும்பிப் போய்விடும். அவனைப் பற்றி எங்கள் முன்னால் பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு வராதே. அவன் உன்னிடம் போனில் என்னென்ன உளறினான் என்று எங்களுக்குத் தெரியாது, இங்கே கடைசி நாட்களில் என்னென்ன சொன்னான் என்று உனக்குத் தெரியாது. அதையெல்லாம் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் தனியாக இருக்கிறோம்.

இன்னொன்று, அறைக்குள் போனதும் திடுக்கிடாதே, அங்கே நான்கு கட்டில் இருக்கும். மறுநாளே நான் போய் அந்தக் குமாஸ்தாவிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொல்லித் திருத்தினேன். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார், பிறகு எனக்கு டீ வரவழைத்தார். சின்ன அறை ஒன்றும் காலியில்லை சார், அதிலேயே இருங்க என்றார். உன் அம்மாவிடம் சொன்னால், இருக்கட்டுமே, பெட்டி வைக்க இடமாச்சு என்றாள், சொன்ன குரல் மட்டும் சரியாக இல்லை.

நாம் எல்லாரும் ஒரே நாள் மத்தியானம் அங்கே போய்ச் சேரும்படி நான் முதலில் கணக்குப் போட்டிருந்தேன், நீ விமானத்திலிருந்து இறங்கி நேராகக் கடலோரப் பஸ் பிடித்தால் சரியாக இருக்கும். உன் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை, முதல் நாளே போய்விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஏன் என்று கேட்டேன். அவன் போனப்ப அவ தனியா டாக்சி பிடிச்சு வந்தா, எல்லாம் முடிஞ்சுபோயிருந்தது, யார் வீட்டுக்கோ வந்தவ மாதிரி பெட்டியோட வாசல்லயே நின்னா, எழுந்து போய்க் கூட்டிட்டு வர எனக்குக் கால் வரல, இந்தத் தடவை அவ பஸ்ஸ விட்டு இறங்குற இடத்துல நான் நிக்கணும் என்றாள். அதற்கு மேல் நான் வாதாடவில்லை, டிக்கெட்டை மாற்றிவிட்டேன். கிளினிக்கிலும் அவள் விடுப்பு சொல்லிவிட்டாள், டாக்டர் போய் வாங்கம்மா, பல்வலி எங்கேயும் போயிடாது என்றாராம்.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, இருக்கிறதை உள்ளேயே போட்டு அடைக்காதே. நீ எந்த ஊரில் இருந்தாலும் நல்ல மனிதர்கள் உன்னைச் சுற்றி இருக்க வேண்டும், உன் வழியில் ஒரு குறையும் வரக்கூடாது, எங்களுக்கு மிச்சமிருக்கிற ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனமார வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று மட்டும் மறக்காதே. பஸ் நின்றதும் அவசரப்பட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்காதே, சின்னப் பையையும் கையில் பிடிக்காமல் தோளில் மாட்டிக்கொள். பெட்டியை நான் ஏறி வந்து எடுத்துக்கொள்கிறேன். நீ இறங்கும்போது உன் இரண்டு கையும் காலியாக இருக்கட்டும், அம்மாவுக்கு அது வேண்டும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அப்பா