கேழ்வரகு வைத்த பொட்டலம்

இன்று காலை அம்மா ராகிக் களி கிண்டினாள். அந்த வாசம் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டேன். "களி வேணாம்னா வாயத் தொறந்து சொல்லு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஊருக்கெல்லாம் ஓயாத வாய் எனக்கு. உன்னிடம் திறக்க வேண்டிய அன்றுதான் திறக்கவில்லை.

பி.யு.சி.யில் நீ எனக்குப் பக்கத்து இடம். உன் அத்தாவுக்குத் தருமபுரியில் பாய்க் கடை. "பாய் விற்கும் பாய்" என்று நான் ஆரம்பித்தால், பழசு, புதுசாக யோசி என்பாய். கடைக்கு வந்த கோரைப்புல் கட்டுக்குள் ஒரு தண்டு மட்டும், விரலால் நீவினால் உள்ளே கணுக்கணுவாக நெரடியது. கட்டு வந்த வழியை விசாரித்து, பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஓர் ஏரியின் சேற்று மூலைவரை என்னையும் இழுத்துப் போனாய். ஐம்பது தூர் இருந்தால் அதிகம். சுற்றியிருந்த ஏரிகள் எதிலும் அது இல்லை.

அந்த மூலையை மண்ணடித்து மேடாக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஏரி வேலை பார்க்கும் ஓவர்சியரிடம் போய் நின்றாய். நல்ல மனுஷன்தான். "அபூர்வம்னு எங்கிருந்தாச்சும் ஒரு காயிதம் கொண்டாப்பா, அந்த மூலைய உட்டுடறேன்" என்றார். கோரைக்குக் கோரிக்கை வைக்கும் ஒரே ஆள் என்று உனக்குப் பட்டம் கொடுத்தேன்.

காகிதத்துக்காகத் தாவர ஆய்வகம் ஒன்றுக்கு எழுதிக் கேட்டாய். முற்றிய விதை இல்லாமல் கோரையில் இனம் சொல்ல முடியாதாம். ஒரு மாதம் காத்திருந்து, இருந்த கொஞ்ச விதையையும் உதிர்த்துக் காகிதப் பொட்டலமாக மடித்து, செடி ஒட்டிய தாளில் வைத்தாய். நான் விதையைச் சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு, கேழ்வரகை வைத்து மடித்துவிட்டேன். அனுப்புமுன் பிரித்துப் பார்ப்பாய், என்னைத் துரத்துவாய். திட்டம் அவ்வளவுதான். நீ பிரிக்கவில்லை. அன்றே பார்சல் ஆய்வகத்துக்குப் போனது. சட்டை சலவைக்குப் போனது.

பதில் இரண்டே வரி. பொட்டலத்தில் இருப்பது கேழ்வரகு. இம்மாதிரி விளையாட்டுக்கு எங்களுக்கு நேரமில்லை. ஓவர்சியர் படித்துவிட்டு, "கேவுருக்கா தம்பி ஏரிய உடச் சொன்ன?" என்றார். அந்த வாரமே மண் வண்டிகள் வந்தன.

திரும்பும் பஸ்ஸில் நீ சொன்னாய்: "அவங்க மேல தப்பில்லடா. எங்க வூட்லதான் எங்கயோ மாத்தி மடிச்சுட்டேன்." நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று மாதம் போனது. அதற்குள் உனக்கு மஞ்சள் காமாலை. உன் தப்பு என்று நம்பிக்கொண்டே போய்விட்டாய்.

போன மாதம் ஆய்வகத்துக்கு எல்லாவற்றையும் எழுதினேன். திட்டு வரும் என்று பார்த்தேன், மரியாதையாக வந்தது. உன் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தார்களாம். தண்டு இந்தப் பக்கத்துக் கோரை எதனோடும் ஒத்துவரவில்லையாம். அபூர்வமானதாக இருக்கலாம், காக்க வேண்டியவற்றின் பட்டியலுக்குப் பரிந்துரைக்கிறோம், முற்றிய விதையோடு புதிதாக ஒன்று அனுப்புங்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

அந்த மூலையில் இப்போது சோளம் நிற்கிறது.

இனிமேல் கிடைக்காது என்று பதில் எழுத நாலு முறை உட்கார்ந்துவிட்டேன். எது கிடைக்காது என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிடுகிறது. அதற்கு ஒரு பெயர் கிடைக்கக்கூட நான் விடவில்லை.