டிரம்ஸ் மைக்கில் தம்பி

மார்ச் 4

இன்று ரெக்கார்டிங் ஆரம்பம். பல் டாக்டரிடம் ஒரு வாரம் லீவு வாங்குவதற்குள் எனக்கே பல் விழுந்துவிடும் போலிருந்தது. ரிசப்ஷனில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பேனாவால் மேஜையைத் தட்டுகிறேனாம். ஒரு வாரம் நிம்மதியாக இருக்கட்டும் என்று கடைசியில் அவரே அனுப்பிவைத்தார்.

ஸ்டூடியோவில் கால் வைத்ததுமே சவுண்ட் இன்ஜினியரோடு சண்டை. பாடுகிற ஆளைக் கண்ணாடி அறைக்குள் நிறுத்த வேண்டுமாம். பாடுகிற ஆள் என் தம்பி. அவன் என் டிரம்ஸுக்கு நேர் எதிரே நிற்காவிட்டால் எனக்கு வாசிக்க வராது. நான் எண்ணி வாசிக்கிறவள் இல்லை. அடுத்த வரிக்கு அவன் மூச்சு இழுப்பான், தோள் லேசாக ஏறும், அதைப் பார்த்துத்தான் என் கை இறங்கும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான்.

"அவர் குரல் உங்க டிரம்ஸ் மைக்ல எல்லாம் ஏறிடும்மா. அப்புறம் தனியா பிரிச்சு எடுக்க முடியாது" என்றார். ஏறினால் ஏறட்டும் என்றேன். இப்போது அவன் பாடுவது வெறும் ட்ராக்தானே, நாங்கள் வழி தவறாமல் வாசிப்பதற்காக. அசல் குரலைப் பின்னால் தனியாகப் பாடி இதன் மேல் ஏற்றப்போகிறோம். அவன் குரலுக்கு அடியில் அவன் குரலே கொஞ்சம் கேட்டால் என்ன குடி முழுகிவிடும்?

கிடார் வாசிக்கிற நெட்டையும் என் பக்கம் பேசினான். ஜெயித்தேன்.

மார்ச் 7

எட்டுப் பாட்டில் ஆறு முடிந்தது. தம்பிக்குத் தொண்டை கம்மியே கிடக்கிறது. பாதி வரியைப் பாடுகிறான், மீதியை முனகிவிட்டு "ட்ராக்தானேக்கா" என்கிறான். கேட்டால் சளியாம். குளிர்காலத்தில் வந்த சளி இன்னுமா போகாமல் இருக்கும்?

மார்ச் 9

கடைசிப் பாட்டு, 'ஈரத்துண்டு'. குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டிலில் போடுவதற்காக அம்மா தினமும் இவனைத் திட்டுவதை வைத்தே எழுதிவிட்டான் கழுதை. கேட்டால் சிரிப்பு வராது. அழுகைதான் வரும்.

ஒரே தடவையில் முடித்தோம். தாளக்கட்டு என்று ஒன்றும் கிடையாது. அவன் இஷ்டத்துக்கு நிற்பான், போவான். மூன்றாவது சரணத்துக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டான். நான் குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தேன். மூச்சு இழுத்தான். அடித்தேன். எதற்கும் ஒரு குறை சொல்கிற நெட்டை இன்று கிடாரை உறையில் போட்டு மூடிவிட்டான்.

மார்ச் 20

இழுக்காத குறையாகத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப்போனேன். உள்ளே குழாய் விட்டுப் பார்த்தார். கொஞ்சம் சதையைக் கிள்ளி டெஸ்டுக்கு அனுப்பியிருக்கிறார். பயப்பட ஒன்றுமில்லை என்று இரண்டு தடவை சொன்னார்.

மார்ச் 28

அதுதான். கேன்சர்.

மார்ச் 30

குரல்வளையை முழுசாக எடுத்துவிட வேண்டுமாம். எடுத்தால் உயிருக்குப் பயமில்லை. கழுத்தில் ஒரு துவாரம் வைப்பார்கள், இனி மூச்சு அதன் வழியாகத்தான். பேச முடியுமா என்று அம்மா கேட்டாள். பழகினால் கருவி வைத்துப் பேசலாம் என்றார் டாக்டர். பாட முடியுமா என்று யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. சுவரில் இருந்த காது மூக்குப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 2

ஆபரேஷனுக்கு முன்னால் அசல் குரலைப் பாடி முடித்துவிடலாம் என்று நெட்டை சொன்னான். எல்லோரும் ஓடினோம். தம்பி கண்ணாடி அறைக்குள் நின்றான். இரண்டாவது வரியிலேயே நிறுத்திவிட்டு வெளியே வந்தான்.

சரி, ட்ராக்கில் பாடியதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் இன்ஜினியர். போட்டுக் காட்டினார். தம்பி தலையைக் குனிந்தபடி கேட்டான். பிறகு சொன்னான்: "அதுல நான் பாடல. நோய்தான் பாடுது. ஒண்ணு விடாம அழிச்சிடுங்க."

அவன் கண்ணெதிரிலேயே அழித்தார். அழித்துவிட்டு என்னைப் பார்த்தார். டிரம்ஸ் மைக்கில் ஏறியது இருக்கிறதே. தம்பிக்கா தெரியாது? "டிரம்ஸை மறுபடி அடிச்சிடுக்கா" என்றான். சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும் அந்த முகத்தைப் பார்த்து?

ஏப்ரல் 11

ஆபரேஷன் முடிந்தது. நல்லபடியாக முடிந்தது என்கிறார்கள். நல்லபடி!

ஏப்ரல் 13

போனில் தட்டிக் காட்டுகிறான். முதல் வாக்கியம்: பசிக்குது.

மே 6

பாடுவதற்குப் புதுப் பொண்ணு ஒருத்தி வந்திருக்கிறாள். தம்பியே தேடிப்பிடித்தது. நன்றாகத்தான் பாடுகிறாள். ஒரு குறையும் இல்லை என்பதுதான் எனக்குக் குறை. தண்ணீர் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டாள். எரிந்து விழுந்தேன். பாவம், அவள் என்ன செய்வாள்.

மே 19

எதிரே ஆள் இல்லை. காதில் ஒரு கருவி டிக் டிக் என்கிறது. அதை வைத்துக்கொண்டு ஏழு பாட்டுக்கும் டிரம்ஸை மறுபடி அடித்து முடித்தேன். சுவருக்கு ஆணி அடிப்பதும் இதுவும் ஒன்றுதான்.

'ஈரத்துண்டு' மட்டும் வரவில்லை. அது நிற்கிற இடத்தில் டிக் டிக் நிற்காதே. மூன்று நாள் முயன்றேன். கடைசியில் பழைய டிரம்ஸையே வைத்துவிடச் சொன்னேன். அதில் ஏறியிருக்கிற தம்பி குரல், புதுப் பொண்ணு குரலுக்கு அடியில் யாருக்கும் கேட்காது என்றார் இன்ஜினியர்.

வீட்டுக்கு வந்து எட்டும் முடிந்தது என்று தம்பியிடம் சொன்னேன். முடியவில்லை என்பது பாதிதான். மனசில்லை என்பது மீதி.

ஜூலை 2

ஆல்பம் வெளிவந்தது. சின்ன ஹால், அதிலும் பாதி காலி. தம்பி கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு பின்வரிசையில் நின்றான். இந்தக் குழுவில் பாடுகிறவன் நீதானே என்று யாரோ அவனிடம் கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று தலையாட்டிவிட்டு மேடையைக் காட்டினானாம்.

ஜூலை 10

கிணற்றில் போட்ட கல். நெட்டை போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்க்கிறான். அவன் சித்தப்பா மட்டும் ஆஹா என்று எழுதியிருக்கிறார், அதுவும் அட்டைப் படத்தைப் பற்றி.

கிளினிக்கில் நோயாளிகள் உட்காரும் இடத்தில் ஒரு பாட்டைப் போட்டேன். டாக்டர் வெளியே வந்து பார்த்தார். நிறுத்திவிட்டேன்.

ஜூலை 18

ஒரு விமர்சனம் வந்தது. வந்த ஒன்றே ஒன்று. புதுப் பொண்ணுக்குப் பாராட்டு. எனக்கு 'இயந்திரத்தனமான தாளம்'. அது உண்மை, கோபமில்லை. கடைசிப் பத்தியில்: "இறுதிப் பாடலின் பின்னணியில் யாரோ சுருதி சேராமல் முனகுவது கேட்கிறது. ஒலிப்பதிவு அறையின் கதவைச் சாத்த மறந்துவிட்டார்களா?"

அதைத் தம்பிதான் எனக்கு அனுப்பினான்.

ஜூலை 19

இவனோடு சண்டை போடுவதும் இப்போது முன்னைப்போல இல்லை. நான் கத்தி முடித்துவிட்டு அவன் டைப் அடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் கோபம் போய் அழுகை வந்துவிடுகிறது.

நான் சொன்னதெல்லாம் சொன்னேன். நீ எங்கேயாவது இருக்கணும்னுதான்டா விட்டேன், வேற எங்கடா இருக்க நீ, எதுல இருக்க? வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் நிதானமாகத் தட்டினான். போனை என் பக்கம் திருப்பினான்.

"எனக்குன்னு இருந்தது அந்தக் குரல் ஒண்ணுதான். அது எப்படி இருந்துச்சுன்னு ஊருக்கு நான்தான் சொல்லணும். நீ இல்ல."

கதவைச் சாத்திக்கொண்டான். நான் கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். அவன் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை, அதற்குத்தான் அவ்வளவு அழுகை.

ஜூலை 22

சமையலறையில் அம்மா போனைக் காதோடு வைத்துக்கொண்டு நிற்கிறாள். கடைசிப் பாட்டு. எதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். காய் நறுக்கப்போகிறவளைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தம்பியிடம் போய், அம்மாவுக்காகவாவது என்று ஆரம்பித்தேன். "அம்மா போன்ல இருக்கறது இருக்கட்டும். ஊர் கேக்கறதை மாத்து" என்று தட்டிக் காட்டினான். இணையத்தில் இருக்கிற பாட்டுதானே, எடுத்துவிட்டு வேறு போடலாம். அவன் சொல்வது நியாயம். நியாயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ஆகஸ்ட் 3

மறுபடி ஸ்டூடியோ. தலைகீழாக நின்றும் வரவில்லை. புதுப் பொண்ணை எதிரே நிறுத்திப் பார்த்தோம். அவள் தோள் ஏறுவதே தெரியவில்லை, அவ்வளவு பயிற்சி. ஒன்று நான் முந்துகிறேன், இல்லையென்றால் அவள் போன பிறகு போய்ச் சேர்கிறேன். குச்சியை வீசியெறிந்துவிட்டு வந்துவிட்டேன்.

வரலைடா என்று தம்பியிடம் ஒப்புக்கொண்டேன். போனை எடுத்துத் தட்டினான்: "நான் வந்து நிக்கறேன்."

ஆகஸ்ட் 8

காலையிலேயே போனோம். தம்பி கழுத்துத் துணியை அவிழ்த்து நாற்காலியில் போட்டான், எனக்குத் தோள் சரியாகத் தெரிய வேண்டும் என்று. மார்ச்சில் நின்ற அதே இடத்தில் நின்றான். அவன் முன்னால் மைக் இல்லை. இன்ஜினியர் விளக்குப் போட்டார்.

மூச்சு இழுத்தான். வாய் வழியாக இல்லை, கழுத்து வழியாக. ஆனால் தோள் அதே மாதிரிதான் ஏறியது. என் கை இறங்கியது.

எல்லா வரியையும் வாயை அசைத்துப் பாடினான். ஒரு வார்த்தை விடவில்லை. மார்ச்சில் முனகிவிட்டுப் போன இடங்களைக்கூட இன்று முழுசாகப் பாடினான். எனக்கு எதிரே வாய் அசைகிறது, நரம்பு புடைக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது சரணத்துக்கு முன்னால் நின்றான். குச்சியைத் தூக்கியபடி காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள் ஏறியது. அடித்தேன். கண்ணீர் மறைத்தாலும் ஒரு அடிகூடத் தவறவில்லை.

முடிந்ததும் இன்ஜினியர் மற்றதையெல்லாம் அடைத்துவிட்டு டிரம்ஸ் மைக்கை மட்டும் போட்டுக் கேட்டார். "ரொம்ப சுத்தமா இருக்கும்மா. ஒண்ணுமே ஏறல."

தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் அப்படி ஒரு திருப்தியைப் பார்த்தேன். துணியைச் சுற்றிக்கொண்டு, டீ வாங்க நெட்டையோடு வெளியே போனான்.

மூன்றாவது சரணத்துக்கு முன்னால் அவன் மூச்சு இழுக்கிற இடத்தை இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டார். எல்லாம் சரியாத்தானே இருக்கு, என்ன தேடறீங்க என்று கேட்டார். ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் சத்தமாக வையுங்கள் என்றேன்.