ஓரகத்திக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

கிராக்கோவ், நவம்பர் 4

நாங்கள் தொகுக்கும் அகராதியில் இன்று வந்து விழுந்த சொல் ‘யென்ட்ரி’. ஓரகத்தி. ஸ்லாவியர் பிரிந்து போவதற்கு முன்பு பேசிய சொல். யாரும் எழுதி வைக்கவில்லை, நாங்களாக ஊகித்து மீட்டது. அதனால்தான் முன்னால் நட்சத்திரக் குறி.

சொல்லின் தோற்றத்தை எழுதும் வேலை எனக்கு, வேற்றுமை உருபுகள் பொகுமிவாவுக்கு. பொகுமிவா என் கொழுந்தனின் மனைவி! “குடும்ப விஷயம், நீங்களே பேசித் தீத்துக்கங்கம்மா” என்றார் தலைவர் ஸ்கோவ்ரோன். அறையே சிரித்தது. பெரிய நகைச்சுவை.

நவம்பர் 9

அவளோடு ஒரே மேசை. வாய் திறந்தால், “அக்கா, உங்க பீட்ரூட் சூப்புல புளிப்பே இல்லன்னு அத்தை சொன்னாங்க.” அத்தையாம்! கோள் மூட்டியதே இவள்தான்.

நவம்பர் 13

என் பகுதி முடிந்தது. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன், லித்துவேனியம் எல்லாவற்றிலும் இந்தச் சொல்லுக்கு உறவு இருக்கிறது. ஐயத்துக்கே இடமில்லை.

ஸ்கோவ்ரோனுக்குப் பிடிக்கவில்லை. புண் சீழ்பிடிப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்ததாம். “ஓரகத்தின்னாலே புண்ணைக் கிளறுறவதானே!” இதுதான் ஆதாரம். அந்த ஆளுக்கு ஓரகத்தியும் கிடையாது, ஆராய்ச்சியும் கிடையாது.

மாற்றி எழுத மாட்டேன் என்றேன். “அப்ப இந்தச் சொல் உங்களுக்கு இல்ல.”

நவம்பர் 16

முழுவதையும் பொகுமிவாவிடம் கொடுத்துவிட்டார். அவள் சொன்ன பேச்சு கேட்பாளாம்.

நவம்பர் 22

ஞாயிறு விருந்து. “பெரியவளே, இனிமே சின்னவதான் எழுதுறாளாமே?” மாமியார் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சின்னவள் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. எப்படி நிமிர்வாள்? என் உழைப்பு அல்லவா அவள் கையில்!

டிசம்பர் 8

கூட்டத்தில் பொகுமிவா வாசித்தாள். கேட்கவே கூடாது என்று சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆதியில ‘தாய்’, ‘மகள்’ங்கிற சொற்கள் மாதிரிதான் இது உருபு ஏத்திருக்கு. அப்புறம்தான் ‘மாமியார்’ங்கிற சொல்லைப் பாத்து மாறிடுச்சு. புண்ணிலேருந்து பிறந்த சொல்லுக்கு இந்தப் பழைய உருபு எப்படி சார் வரும்? தோற்றம் அக்கா எழுதினதுதான். ஒரு வரி மாத்தல.”

“அப்ப சொல்லுக்குக் கீழ உன் பேரும் போடமாட்டேன்!”

“போடாதீங்க. சொல்லு சரியா வந்தா போதும்.”

ஸ்கோவ்ரோன் எல்லார் முகத்தையும் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் பேசவில்லை. பெயரில்லாமல் அப்படியே அச்சுக்குப் போகிறது.

இவளா? இவளா பேசினாள்?

டிசம்பர் 24

கிறிஸ்துமஸ் இரவு விருந்தில் இங்கே எல்லாரும் ஒருவர் கையிலுள்ள மெல்லிய அப்பத்தை ஒருவர் பிட்டு வாழ்த்த வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அவள் முறை வரும்போது சமையலறைக்குள் நழுவிவிடுவேன். இன்று நானே போய் என் அப்பத்தை நீட்டினேன்.

“ரெண்டு பேர் பேரும் போச்சாமே” என்றார் மாமியார்.

“போனா போகுது அத்தை, சூப்பு ஊத்துங்க” என்றாள் பொகுமிவா.

நான் வைத்த சூப்பைக் குடித்துவிட்டு என்னிடம் சொல்கிறாள்: “அக்கா, இன்னைக்கும் புளிப்பு பத்தல.”

கொழுப்பைப் பார்! அவளுக்கு இரண்டாவது கிண்ணம் நான்தான் ஊற்றினேன்.