பாசிச் சாறு இன்னும் எலிகளுக்குத்தான்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

நான் பாசி மருந்து அனுப்புவேன் என்று அண்ணன் கதை அளந்ததை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டீர்களாமே! எங்கள் ஆய்வுக்கூடத்தில் கடற்பாசிச் சாற்றால் எலிகளின் மூட்டு வீக்கம்தான் வடிந்திருக்கிறது. மனிதருக்கு இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை. உங்களுக்கு அனுப்பலாமா என்றறிய நானே குடித்தேன். கொஞ்சம் வாந்தி, அவ்வளவுதான்.

“எலிக்கு வச்சத நீ ஏன்யா குடிச்ச?” என்று மேலாளர் கத்தினார்.

“வாய்க்கு வந்தத அளந்துவிட எலிக்கு அண்ணன் இல்லையே சார்” என்றேன். இனி வரவேண்டாம் என்றுவிட்டார். நல்ல ஓய்வு.

இதை அண்ணனிடம் சொல்லாதீர்கள், சிரிப்பான். மாத்திரையை இன்றே தொடங்குங்கள். பதிலை அவனை விட்டு வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள். மாத்திரை போட்டேன் என்று ஒரு வரி. இன்னொரு வரி எதுவானாலும் சரி.

தபாலுக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் சின்னவன்