சிவப்பு நூல், வெள்ளை நூல்

ஜூலை 8, செவ்வாய்
காற்று. மாடியில் காயப்போட்ட நைட்டி பக்கத்துக் கம்பெனி ஷெட் மேல். வாட்ச்மேனிடம் கேட்க வேண்டும்.

ஸ்லைடுகள் வந்தன. வலி மாத்திரை மட்டும் கொடுத்த எலிகளின் சிறுகுடல்: உள்பூச்சு கிழிந்து, உதிர்ந்து. கூடவே மெலடோனினும் கொடுத்தவை: பெரும்பாலும் முழுசாக. செரடோனினிலிருந்து உடம்பே செய்துகொள்ளும் பொருள். தூக்கத்துக்கு என்றுதான் ஊரில் பெயர். குடலையும் காக்கிறது. லேபில் தனியாகச் சிரித்தேன், வெட்கமில்லாமல்.

இரண்டு குழுவிலும் இரண்டிரண்டு எலி மட்டும் ஒத்துவரவில்லை. பார்க்கணும்.

அம்மாவிடம் சொன்னேன். பனியன் கம்பெனி ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தே தோள் போனவள். சாப்பிட எழுந்தால் தைக்கும் பீஸ் குறையும், கூலியும் குறையும் என்று வெறும் வயிற்றில் வலி மாத்திரை. போன மாதம் குடலில் ரத்தம் கசிந்து மூன்று நாள் ஆஸ்பத்திரி. இனி அதைத் தொடவே கூடாது என்றார் டாக்டர்.

"அப்ப எங்கள மாதிரி ஆளுகளுக்குத்தான் இது, கண்ணு?" மருந்தின் பெயரைக் காலண்டர் தாளில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். ஒரே பெருமை.

ஜூலை 9, புதன்
ஆராய்ச்சிக் கைடு மேடம் ஸ்லைடு பார்த்தார். "அந்த நாலையும் எடுத்துடலாமே. எங்கயும் ஒண்ணு ரெண்டு ஒத்துவராது." கட்டுரை இந்த மாதமே போகலாமாம். ஃபெலோஷிப் செப்டம்பரோடு சரி. சரிங்க மேடம் என்றேன். மனசு ஒட்டவில்லை.

வாங்க: பால், பேஸ்ட், பஸ் பாஸ்.

அம்மா ஓவர்டைம். தோள் வலி இல்லை என்கிறாள். நல்லது.

ஜூலை 10, வியாழன்
அடுத்த தொகுதி எலிகளுக்கு மருந்து. பொழுது சாய்ந்து, சிவப்பு பல்பில்தான். வெள்ளை வெளிச்சம் பட்டால் எலியின் சொந்த மெலடோனின் குறையும்.

மெலடோனின் கூண்டுக்குச் சிவப்பு நூல், அதற்குப் பதில் உப்புநீர் கொடுக்கும் கூண்டுக்கு வெள்ளை நூல். காகித லேபிளை எலி கடித்துவிடுகிறது என்று அம்மா கம்பெனிக் கழிவு நூலைக் கட்டியது நான். ஒவ்வொரு நாளும் வரிசை மனப்பாடத்தில் கொடுப்பேன், நூலைப் பார்ப்பதே இல்லை. இன்று கூண்டுகள் இடம் மாறியிருந்தன. குனிந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை. கண்ணைக் கசக்கினேன். மடச்சி. சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு நூல் வெள்ளையிலிருந்து எப்படிப் பிரிந்து தெரியும்?

அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் முதல் தொகுதிக்கு மருந்து கொடுத்தது எலி அறை உதவியாளர் ராசு அண்ணன். கேட்டேன்.

"நூலப் பாத்துத்தானுங்க குடுத்தேன். செலதுல சந்தேகமா இருந்துச்சுங்க."

"ஏனுங்ணா எங்கிட்டக் கேக்கல?"

"அம்மாவுக்கு முடியாம இருந்தீங்க. எப்படிங்க கேக்கறது."

தப்பு என்னுடையது. எந்தக் கூண்டு மாறியது? நாலாகவும் இருக்கலாம், பத்தாகவும்.

ஜூலை 11, வெள்ளி
மேடத்திடம் சொல்லிவிட்டேன். ஸ்லைடு பெட்டியை மூடி வைத்தார். பிறகு, "சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணலயா?"

தோன்றியது என்றேன்.

"திங்கக்கிழமை நம்பர் போட்ட டேக் வாங்கிட்டு வா." அதாவது மொத்தமும் திரும்ப. அத்தனை எலியும் வீண்.

பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட் பெண், தூசி என்று நினைத்து ஜன்னலை மூடினாள்.

ஜூலை 13, ஞாயிறு
இரண்டு நாள் தள்ளிப்போட்டு, காலையில் அம்மாவிடம் சொன்னேன். "அந்த மருந்து கேக்குதான்னு இன்னும் தெரியாதும்மா. நான் தப்பாப் பண்ணிட்டேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"மெடிக்கல்ல அத வாங்கிட்டேன் கண்ணு. வலி மாத்திரையோட சேத்துப் போட்டுக்கறேன். செவ்வாக்கெழமையிலிருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாம்மா?"

"நீதான எழுதிக் குடுத்த."

வெளிக்குக் கருப்பாகப் போகிறதா என்று கேட்டேன்; போன மாதக் கசிவும் அப்படித்தான் தெரிந்தது. வெங்காயத்தையே பார்த்தாள். அப்புறம், "நேத்திருந்து" என்றாள்.

ஆட்டோ சொல்லியாயிற்று. எடுக்க: ஈ.எஸ்.ஐ. அட்டை, பழைய ஃபைல், தண்ணீர், மாற்றுச் சேலை. இரண்டு மாத்திரை அட்டையும். நான் எழுதிக் கொடுத்ததில் ஐந்து குழி காலி. வலி மாத்திரையில் பத்தும்.