மூதாதை மரத்தில் ஒரு புஷ்

அன்பு மகள் ரிபுரேவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். கடலோரத்தில் வேலை செய்கிறவளுக்குத் தண்ணீரைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எங்களுக்கு வேறு சேதி இல்லை. மழை ஏமாற்றிவிட்டது, நம் கிணறு சேறாகிவிட்டது, தூரத்துப் பம்பிலிருந்து பழைய பிக்கப்பில் பீப்பாய் பீப்பாயாகக் கொண்டுவந்துதான் மாடுகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்தோம். அந்த வண்டியின் ஸ்பிரிங் பட்டை மாட்டும் துளையில் இரும்போடு இரும்பு உரசாமலிருக்க அப்பா மோபானே மரத்தில் வளையமாகப் புஷ் செதுக்கிப் போடுவாரே, பாதை கெட்டதில் அது வாரம் ஒன்றாகத் தேய்ந்தது. பக்கத்துப் பட்டி சியூமா வந்து, "ஏன்யா, கோடாலியையே மழுங்கடிக்கிற மரம் வழியில நிக்குது, நீ இன்னும் விறகைச் செதுக்கிட்டு உக்காந்திருக்கியே" என்று கிண்டல் செய்தான். அவன் சொன்னது, நம் குலத்தையே பெற்றதென்று நாம் குச்சி வைத்து வணங்கிப் போகும் மூதாதை மரத்தை. அப்பா அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டார். பிறகு சிவப்புப் பசு தாகத்தில் விழுந்தது. மறுநாள் காலை புனித நெருப்பின் முன் உட்கார்ந்து முன்னோரிடம் கேட்டுவிட்டு, அந்த மரத்தின் காய்ந்த கிளை ஒன்றை வெட்டி வந்தார். நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்டால்தானே.

அந்தக் கிளையில் செதுக்கிய புஷ் தேயவே இல்லை. நானும் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டேன். மோபானே நசுங்கி நசுங்கி அடியைத் தானே வாங்கிக்கொண்டிருந்தது, எங்களுக்குத்தான் அது தெரியவில்லை. இது நசுங்கவில்லை, அடியெல்லாம் பட்டைக்குப் போனது. போன செவ்வாய் ஆற்றுப் பள்ளத்தில் பட்டை முறிந்து வண்டி சாய்ந்தது, தண்ணீரை மணல் குடித்துவிட்டது. அந்தக் காலத்து வண்டிக்கு ஒபுவோ டவுன் கடைகளில் பட்டை கிடையாதாம். அப்பா கீறல்கூட விழாத புஷ்ஷைக் கழற்றிக்கொண்டுபோய் மரத்தடியில் வைத்துவிட்டு வந்தார். எனக்கு அவர்மேலும் கோபம், மரத்தின்மேலும் கோபம்.

இப்போது மூன்று பசுவும் ஒரு கன்றும்தான் மிச்சம். நான் தலையில் குடம் சுமந்து எத்தனைக்கு ஊற்றுவேன். விடுமுறைக்கு வராதே அம்மா, வந்தால் உன் நாக்கில் வைக்கப் பால் இல்லை. கடல் காற்றில் நெஞ்சை மூடிக்கொள், இருமலை அலட்சியம் செய்யாதே.

நீ புறப்பட்ட அன்று அப்பா வாயில் தண்ணீர் கொண்டு உன் முகத்தில் தெளித்து வாழ்த்தினார். இந்தக் கடிதத்திலும் தெளிக்கச் சொன்னேன். "அந்த ஒரு வாய்த் தண்ணியையும் கன்னுக்கு ஊத்திட்டேன், வெறும் வாயால வாழ்த்தினேன்னு எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

உன் அம்மா,
கசூவா